பழைய ஷேவிங் பிரஷ்: கழுவினால் போதுமா, முடியை மாற்ற வேண்டுமா? (வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் பழைய சேஃப்டி ரேசர்களைத் துலக்கிப் பயன்படுத்துவது பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த பெங்களூர் வாசகர்கள் பலர், ரேசரோடு சேர்ந்து வீட்டில் கிடக்கும் ஷேவிங் பிரஷ்ஷை என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். இந்த இதழின் பகுதி முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே.

கேள்வி: என் தந்தையார் பயன்படுத்திய ஷேவிங் பிரஷ், அவர் மறைவுக்குப் பிறகு பல ஆண்டுகளாக அலமாரியிலேயே இருந்துவிட்டது. இப்போது எடுத்துப் பார்த்தால் முடியின் அடிப்பாகம் கெட்டியாக இறுகியிருக்கிறது. தட்டினால் வெள்ளையாகப் பொடி உதிர்கிறது. கைப்பிடி முன்பு வெள்ளையாக இருந்ததாம். இப்போது வெண்ணெய் நிறமாகிவிட்டது. தூக்கி எறிய மனம் வரவில்லை. வீட்டிலேயே சரிசெய்து நான் பயன்படுத்த முடியுமா?
– எஸ்.ஆர்., அல்சூர்

பதில்: பெரும்பாலும் முடியும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பிரஷ்ஷின் முடி கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. அதில் சோப்பு ஏறி அடைத்துக்கொண்டிருக்கிறது என்றே தோன்றுகிறது. பழைய பிரஷ் உயிர் போய்விட்டது என்று வீசுகிறவர்களில் பலர், உண்மையில் சோப்புப் படிவத்தைத்தான் வீசுகிறார்கள்.

பெங்களூரில் இது அதிகம் நேர்வதற்குக் காரணம் தண்ணீர். குழாயில் காவிரித் தண்ணீர் வரும் வீடுகளில் தொல்லை குறைவு. போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருக்கும் வீடுகளில் வருவது உப்புத் தண்ணீர்; அதில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. சோப்பில் உள்ள கொழுப்பு அமிலம் இவற்றோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்கு உண்டாகிறது. குளியலறை வாளியின் உட்புறத்தில் கோடாகப் படிவது இதுதான். ஷேவிங் பிரஷ்ஷில் முடி நெருக்கமாக இருப்பதால் அந்தப் பிசுக்கு அடியில் தங்கி, ஒவ்வொரு நாளும் ஒரு படலமாக ஏறி, காய்ந்து இறுகிவிடுகிறது. இது கரையாத பொருள் என்பதால், வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போகாது; மேலும் சோப்பு போட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். அதை உடைக்க மென்மையான ஓர் அமிலம் வேண்டும். சமையலறையில் இருக்கும் வெள்ளை வினிகர் போதுமானது.

முதலில் ஒரு சிறு சோதனை. பிரஷ்ஷிலிருந்து தானாகக் கழன்று வரும் ஒரு முடியை இடுக்கியால் பிடித்து, கைப்பிடியை எட்ட வைத்துவிட்டு, தீக்குச்சியில் காட்டுங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து, மிச்சம் விரலில் பொடியானால் அது விலங்கின் முடி. உருகிச் சிறு மணியாகத் திரண்டால் நைலான். விலங்கின் முடி என்றால் பெரும்பாலும் பன்றி முடியாகவோ, வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கின் முடியாகவோ இருக்கும். பேட்ஜர் முடியில் நுனி வெளிறியும் நடுவில் கருப்புப் பட்டையும் தெரியும். பன்றி முடி தடிமனானது. அதன் நுனி பயன்படப் பயன்பட இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து மென்மையாகும். அந்தப் பிளவைக் கண்டு முடி நைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். முடிக்கற்றை முழுவதையும் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகரைக் கலந்து, முடி மட்டும் நனையும்படி பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்து, ஐந்து முதல் பத்து நிமிடம் வரை மெல்ல அசைத்துக்கொண்டிருங்கள். கைப்பிடியும் முடியும் சேரும் இடத்திலுள்ள பசை வரை நீர் ஏறக் கூடாது என்பதால், டம்ளருக்குள் அப்படியே போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். சற்று நேரத்தில் அடியிலிருந்து வெள்ளை மேகமாக ஒன்று கிளம்பி நீரைக் கலங்கடிக்கும். சில பிரஷ்களில் பட்டாணி அளவுக்குக் கட்டிகளே விழும். இப்போது கற்றையின் அடியில் கட்டைவிரலை வைத்து விரித்துப் பார்த்தால், முடிகள் ஒட்டாமல் தனித்தனியாகப் பிரிகின்றனவா, இல்லையா என்று தெரியும். பிரியாவிட்டால் புதிய கலவையில் இன்னொரு முறை செய்யலாம். வினிகரின் அளவைக் கூட்ட வேண்டியதில்லை.

வினிகரோடு வேலை முடிந்துவிடாது. அது கால்சியத்தைப் பிரித்துக் கரைத்துவிட்டாலும், கொழுப்பு முடியிலேயே ஒட்டியிருக்கும். ஆகவே நன்றாக அலசிய பின் இரண்டு சொட்டு ஷாம்பூவையோ, பாத்திரம் துலக்கும் திரவத்தையோ உள்ளங்கையில் விட்டு, பிரஷ்ஷை அதில் சுழற்றிப் பிசைந்து, நீர் தெளியும் வரை கழுவ வேண்டும். பாத்திரம் துலக்கும் கட்டி சோப்பு வேண்டாம். அதில் காரமும் உண்டு, தேய்ப்புப் பொடியும் உண்டு. கடைசி அலசலுக்கு மட்டுமாவது காவிரித் தண்ணீரோ, வடிகட்டிய குடிநீரோ இருந்தால் நல்லது. பின்னர் துண்டில் ஒற்றி, உதறி, நுனியிலிருந்து தொடங்கி அகன்ற பல் சீப்பால் மெல்லச் சீவி, காற்றாடும் இடத்தில் ஒரு நாள் காயவிடுங்கள்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. கொதிக்கும் நீரில் போடக் கூடாது. பழைய பிரஷ்களில் கற்றையைப் பிடித்திருக்கும் அரக்கும் பிசினும் சூட்டில் இளகிவிடும். வெண்மையாக்கும் பிளீச்சிங் திரவமும் சலவைச் சோடாவும் அழுக்கோடு முடியையும் தின்றுவிடும், ஏனென்றால் முடி என்பது கெரட்டின் என்ற புரதம். காரம் அதற்குப் பகை. அசிட்டோன் கலந்த நகச்சாய நீக்கியைக் கைப்பிடியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெய் என்று ஒரு நம்பிக்கை உண்டு. முடி மென்மையாகட்டும் என்று பிரஷ்ஷில் அதைத் தடவினால், பிறகு பல நாள் நுரையே கட்டாது.

கைப்பிடியின் வெண்ணெய் நிறம் குறையன்று. முந்தைய நூற்றாண்டின் முற்பகுதியில் வார்க்கப்பட்ட, ஃபீனாலிக் பிசின் என்ற பழைய வகை பிளாஸ்டிக் கைப்பிடிகள் வெள்ளையாகப் பிறந்து இப்படித்தான் பழுப்பேறின. உலோகப் பாலிஷைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் மேற்படலம் கழன்று அடியிலுள்ள நிறம் தெரியக்கூடும். ஆனால் அந்த நிறத்தை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். பித்தளை வளையம் இருந்தால் மட்டும் புளி வைத்துத் தேய்க்கலாம். முலாம் பூசிய வளையத்தில் அதுவும் வேண்டாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் தந்தையாருக்குத் தாடைப் பகுதியில் படையோ வேறு தோல் நோயோ இருந்திருந்தால், கழுவிய முடியை நீங்கள் பயன்படுத்தாதீர்கள். கைப்பிடியை வைத்துக்கொண்டு முடியை மாற்றுங்கள். அதற்கான வழி கீழே வருகிறது.

கேள்வி: நானும் வினிகர் வைத்தியம் செய்தேன். பிரஷ் மென்மையாகிவிட்டது, ஆனால் சவரம் செய்யும்போதெல்லாம் முகத்தில் முடி ஒட்டுகிறது. இது நிற்குமா?
– கே.வி., மல்லேஸ்வரம்

பதில்: உதிர்ந்த முடிகளை ஒரு கருப்புத் துணியின் மேல் வரிசையாக வைத்து, பிரஷ்ஷில் உள்ள முடியோடு நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். உதிர்ந்தவை குட்டையாக, ஒரு முனை ஒடிந்ததாக இருந்தால் முடியே உளுத்துவிட்டது. பல ஆண்டுகள் சோப்புப் படிவத்தில் அழுந்தி, அடிப்பாகத்தில் முறிந்த முடி அது. நிற்காது, கூடிக்கொண்டே போகும். உதிர்ந்தவை முழு நீளமாக, அடியில் பழுப்பு நிறத் துளியோடு வந்தால் முடி நன்றாக இருக்கிறது, பசைதான் விட்டுவிட்டது. இத்தனை நாள் இறுகிய சோப்பே அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கரைத்ததும் கழன்று வருகின்றன. முதல் சில சவரங்களில் ஒன்றிரண்டு முடி வருவதைப் பொருட்படுத்த வேண்டாம். கொத்தாக வந்தால் கற்றையை மாற்ற வேண்டியதுதான். நடுவில் உடனடிப் பசையைச் சொட்டிவிடும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். அந்தப் பசை நீர்போல முடிவழியே மேலேறி உறைந்து, கற்றையின் நடுவில் ஒரு முள்ளை உண்டாக்கிவிடும். கன்னத்தில் அது கீறும்.

கேள்வி: மரக் கைப்பிடியுள்ள என் பிரஷ்ஷில் முடி பாதி போய்விட்டது. கைப்பிடி அழகானது. புதிய முடியை வாங்கி நாமே பொருத்த முடியுமா? இல்லை, இதற்கென்று யாராவது இருக்கிறார்களா?
– டி.எம்., ஜெயநகர்

பதில்: பொருத்த முடியும். டிரில்லிங் மெஷினைப் பிடித்துப் பழக்கமும் பொறுமையும் இருந்தால் ஒரு வார இறுதிக்குள் முடிந்துவிடும் வேலை. முடியை ஒவ்வொன்றாக நடுவதில்லை. அடியில் பசையால் இறுக்கிக் கட்டிய ஆயத்தக் கற்றைகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் அளவு அடிப்பாகத்தின் விட்டத்தைக் கொண்டு மில்லிமீட்டரில் சொல்லப்படும். 20 முதல் 26 வரை பரவலாகக் கிடைக்கும். எனவே கைப்பிடியின் வாயை வெர்னியர் காலிப்பரால் அளக்காமல் கற்றையை வாங்கிவிடாதீர்கள். சுவர் மெலிந்த கைப்பிடியில் பெரிய துளை போட்டால் மரம் வெடிக்கும்; இருக்கிற துளைக்கு ஏற்ற கற்றையைத் தேடுவதே விவேகம்.

பழைய முடியைக் கைப்பிடியின் விளிம்போடு கத்தரித்துவிட்டு, கைப்பிடியைத் துணி சுற்றி, வைஸ் என்ற பட்டறை இடுக்கியில் மென்மையாகப் பிடித்து, நடுவில் சிறிய துளையிட்டு, பிட்டின் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பழைய பசைக்கட்டியைக் குடைந்தெடுக்க வேண்டும். விளிம்பை நெருங்கும்போது மெஷினை வைத்துவிட்டு, உப்புத்தாள் சுற்றிய குச்சியால் கையாலேயே தேய்த்து முடிப்பது நல்லது. முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். முடியோ பிசினோ, அந்தத் தூளைச் சுவாசிக்கக் கூடாது. பிட், உப்புத்தாள், வாஷர், இரட்டைக் குழாய்ப் பசை எல்லாம் எஸ்.பி. ரோட்டில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

பெரும்பாலோர் தவறவிடும் இடம் ஆழம். கற்றையைத் துளைக்குள் எவ்வளவு இறக்குகிறோம் என்பதைப் பொறுத்தே பிரஷ்ஷின் குணம் அமைகிறது. அதிகம் வெளியே நின்றால் முடி துவண்டு விரிந்துவிடும். அதிகம் உள்ளே போனால் விறைத்து முகத்தைக் குத்தும். நடுத்தரக் கற்றைக்குக் கைப்பிடியின் விளிம்பிலிருந்து முடியின் நுனிவரை சுமார் 50 மில்லிமீட்டர் என்பது நல்ல தொடக்கம். பசையில்லாமல் கற்றையை வைத்துப் பார்த்து, துளை ஆழமாக இருந்தால் அடியில் வாஷரைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். மனத்துக்குப் பிடித்த உயரம் அமைந்த பிறகே பசையைக் கலக்க வேண்டும். அரால்டைட் போன்ற, இரண்டு குழாய்களிலிருந்து சமமாகப் பிதுக்கிக் கலக்கும் எப்பாக்ஸிப் பசை இதற்கு ஏற்றது; நீர் பட்டாலும் விடாது. விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டால் வழிந்த பசை மரத்தில் கறையாகாது. கற்றை நேராக நிற்கிறதா என்று எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

கைப்பிடி பளபளப்பான அரக்குப் பூச்சுடன் இருந்தால் அது சன்னபட்டணத்துக் கடைசல் வேலையாகவும் இருக்கலாம். மைசூர் சாலையில் பெங்களூரிலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்த ஊரில், சுழலும் வெட்பாலை மரத்தின் மேல் நிற அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பரவும். பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இப்படிச் சூட்டில் ஏறிய பூச்சு சூட்டுக்கும் ஸ்பிரிட்டுக்கும் ஈடுகொடுக்காது. அத்தகைய கைப்பிடியை வெந்நீரில் வைக்காதீர்கள், சானிடைசரால் துடைக்காதீர்கள். கைப்பிடி பிளந்தே போயிருந்தால், பழையதை மாதிரியாகக் கொடுத்து அங்கேயுள்ள கடைசல்காரர் ஒருவரிடம் புதிதாகக் கடைந்து தரக் கேட்கலாம். பொம்மை கடைகிறவருக்கு இது பெரிய வேலையல்ல.

கேள்வி: என் பாட்டனாரின் பிரஷ் கைப்பிடி தந்தத்தால் ஆனது என்று வீட்டில் சொல்கிறார்கள். சூடான ஊசியால் குத்திப் பார்த்தால் தெரியும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– ஜெ.பி., விவேக் நகர்

பதில்: கூடாது. அக்காலத்தில் தந்தத்தின் சாயலில் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் கைப்பிடி செய்தார்கள். செல்லுலாய்டு சூடு பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். அதற்குப் பதில் கைப்பிடியைத் துணியால் அழுத்தித் தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு, ஏனெனில் அதன் தயாரிப்பில் கற்பூரம் சேர்ந்தது. அடிப்புறத்தைக் கண்ணாடி வில்லையால் பாருங்கள். உண்மையான யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் ஓடும், போலியில் இணைகோடுகளாக இருக்கும். உண்மைத் தந்தமாகத் தோன்றினால் அதை விற்கவோ, பழுதுபார்க்கக் கடைக்குக் கொடுக்கவோ முயலாதீர்கள். தந்த வாணிகம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். வைத்திருப்பதற்கே முறையான உரிமைச் சான்று வேண்டும். வனத்துறையைக் கேட்டு நடப்பது நல்லது.

கேள்வி: பழைய பொருள் விற்கும் கடையில் வெளிநாட்டு ஷேவிங் பிரஷ் ஒன்று வாங்கினேன். நூறு ஆண்டு பழையது என்றார் கடைக்காரர். இதனால் ஆந்த்ராக்ஸ் வரும் என்று என் மருமகன் பயமுறுத்துகிறான். வேடிக்கைக்குச் சொல்கிறானா?
– ஏ.எல்., ராமமூர்த்தி நகர்

பதில்: உங்கள் மருமகன் படித்தவர். ஆந்த்ராக்ஸ் என்பது நம் ஊரில் கால்நடைகளுக்கு வரும் அடைப்பான் நோய். அந்தக் கிருமியின் வித்துகள் முடியிலும் தோலிலும் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். முதல் உலகப் போரின்போது பேட்ஜர் முடி வரத்து தடைப்பட்டதால், ஆசியாவிலிருந்து வந்த மலிவான குதிரை முடியைப் பேட்ஜர் முடிபோலத் தோன்றச் செய்து பிரஷ் கட்டினார்கள். அவற்றில் சில சரியாகக் கிருமி நீக்கப்படவில்லை. சவரத்தில் தோல் கீறும் இடத்தில் வித்து நுழைந்து, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படைவீரர்களும் பொதுமக்களும் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். 1920இல் ஜப்பானிய ஷேவிங் பிரஷ்கள் இறக்குமதியாவதையே பிரிட்டன் தடைசெய்தது.

பழைய பிரஷ்களைத் தேடி வாங்கும் மோகம் மீண்டும் வந்திருப்பதைக் கண்டு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்விதழ் 2017இல் இந்த வரலாற்றை மறுபடியும் எடுத்து எழுதியது. இன்று தயாராகும் பிரஷ்களில் இந்த அச்சம் இல்லை. 1930க்கு முற்பட்ட விலங்குமுடி பிரஷ்களில் ஆபத்து மிகச் சிறிது என்றாலும் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. வினிகரோ ஷாம்பூவோ வெந்நீரோ அந்த வித்துகளைக் கொல்லாது. கடைக்காரர் சொன்ன வயது உண்மையானால் அந்த முடியால் முகத்தைத் தொடாதீர்கள். மேலே சொன்னபடி முடியை வெட்டிக் குடைந்தெடுக்கும் வேலையையும் உங்கள் பிரஷ்ஷில் செய்ய வேண்டாம், தூள் பறக்கும். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பாருங்கள். அழகுக்கு வாங்கினதாக இருக்கட்டும்.

கேள்வி: பிரஷ் நன்றாகத்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் ஒரு பூஞ்சை நாற்றம். எங்கள் குளியலறையில் வெயிலே வராது.
– வி.எஸ்., ராஜாஜி நகர்

பதில்: குளியலறையில் வைக்காதீர்கள். சவரம் முடிந்ததும் நுரை மிச்சமில்லாமல் அலசி, உதறி, துண்டில் ஒற்றி, படுக்கையறை ஜன்னலோரம் வையுங்கள். தலைகீழாகத் தொங்கவிட வேண்டுமா, நிறுத்தி வைக்க வேண்டுமா என்று பெரிய வாதமே நடக்கிறது. காற்று படுமானால் இரண்டும் சரி. மூடியுள்ள டப்பாவில் ஈரத்தோடு வைப்பதுதான் தவறு. இரண்டு பிரஷ்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றும் முழுதாகக் காய அவகாசம் கிடைக்கும். வினிகர் நீரில் ஒருமுறை கழுவிக் காயவைத்தும் மூன்றாம் நாளே நாற்றம் திரும்பினால், பூஞ்சை பசைக்குள் போய்விட்டது என்று பொருள், கற்றையை மாற்றுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். பன்றி முடி, பேட்ஜர் முடி எல்லாம் கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. அப்பாவின் கைப்பிடியில் விலங்குமுடி இல்லாமல் கற்றை பொருத்த முடியாதா?
– எம்.ஆர்., பசவனகுடி

பதில்: தாராளமாக. செயற்கை இழைக் கற்றைகள் அதே அளவுகளில், பேட்ஜர் முடியைவிடக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பழைய நைலான் பிரஷ்ஷின் விறைப்பை நினைத்துத் தயங்க வேண்டாம். இப்போது வரும் இழைகளின் நுனி மிகவும் மெல்லியது, நுரையும் விரைவில் கட்டுகிறது. கொதிக்கும் நீர் வேண்டாம் என்ற விதி இவற்றுக்கும் பொருந்தும், சூட்டில் இழை சுருண்டுவிடும். பன்றி முடியைப்போல ஊறவைக்கத் தேவையில்லை. நனைத்து உதறிவிட்டு நேராகச் சோப்பில் தேய்க்கலாம். இழை நீரை உறிஞ்சாததால் மழைக்காலத்திலும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் உப்புத் தண்ணீரின் பிசுக்கு இதிலும் படியும் என்பதால், மாதம் ஒருமுறை வினிகர் குளியல் இதற்கும் உண்டு.